ஆரியங்காவு வழியாக ஒரு படகு

மதுரை மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் என் மச்சான். இத்தனை காலம் பரிசலிலும் லாரி ட்யூபிலும் ஏறி வலை விட்டவருக்குப் போன மாசியில் ஒரு ஃபைபர் படகு மேல் ஆசை வந்துவிட்டது. கொல்லத்தில், அஷ்டமுடிக் காயல் ஓரத்தில் ஒரு சேட்டன் பழைய வள்ளம் ஒன்றை விற்கிறார் என்று தெரிந்தது. 18 அடி நீளம், 5 அடி அகலம். 58,000 ரூபாய்க்கு முடித்தோம். கரையில் இழுப்பதற்கு வைத்திருந்த ட்ரெய்லரையும் சேர்த்தே கொடுத்தார்.

ட்ரெய்லர் இருக்கிறதே, ஒரு ஜீப்பில் மாட்டி இழுத்து வந்துவிடலாம் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். அதற்கு நம்பர் பிளேட்டே இல்லை. ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டிதான், தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். காயல் கரையில் பத்தடி உருட்டுவது வேறு, மாநில எல்லை தாண்டி 250 கிலோமீட்டர் இழுப்பது வேறு. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

கைகொடுத்தது ரிட்டன் லோடு. மாட்டுத்தாவணியிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரிகள் பல நாள் வெறும் வண்டியாகத்தான் திரும்பும். அப்படி ஒரு 14 அடி ஈச்சர் லாரி கிடைத்தது. முதலில் நான் கேட்டது, மாநிலம் தாண்டிச் சரக்கு ஏற்றும் நேஷனல் பர்மிட் இருக்கிறதா என்றுதான். இருந்தது. ட்ரெய்லரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுக்கப் போட்டோம். அதன் மேல் பழைய டயர்கள், டயர் மேல் படகு. 14 அடியில் 18 அடி எப்படி அடங்கும்? நான் வால் பக்கம் நீட்டிவிட்டுச் சிவப்புத் துணி கட்டலாம் என்றேன். டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டு, "மூக்கத் தூக்கி கேபின் மேல போடுங்க தம்பி" என்றார். முன்னாலும் நீட்டவில்லை, பின்னாலும் நீட்டவில்லை. வெங்காய வாடைதான் படகில் ஏறிக்கொண்டது.

அவர் சொன்னதன் அருமை, சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில் போடும்போதுதான் புரிந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிக வரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலிலிருந்து, 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் இந்த பில். எங்களுக்கும் சேட்டனுக்கும் ஜிஎஸ்டி பதிவு கிடையாது என்பதால் கட்டாயமில்லை. ஆனாலும் பொதுமக்களுக்கான பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். போட்டேன், கையில் ஒரு காகிதம் இருந்தால் நல்லதுதானே. சாதாரண சரக்கென்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. வண்டியின் அளவுக்கு மீறிய சரக்கென்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வாலை நீட்டியிருந்தால் இந்தக் கணக்கில் மாட்டியிருக்கலாம். எங்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது, அது தாராளம். இதோடு சேட்டனிடம் விற்பனைச் சீட்டு எழுதி வாங்கி, இருவருடைய ஆதார் நகலையும் வைத்துக்கொண்டோம்.

புனலூர், தென்மலை தாண்டி, பதின்மூன்று கண் ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டே ஆரியங்காவு வந்தோம். எல்லையில் கேரளப் பக்கம் பேப்பரைப் பார்த்தார்கள், விட்டார்கள். அவ்வளவுதான். புளியரை எஸ் வளைவில் எதிரே வரிசையாகக் கல், எம்-சாண்ட் லாரிகள். மெதுவாக இறங்கிக் கீழே வந்தால் நம்ம ஊர் போலீஸ் கை காட்டி நிறுத்தினார்.

தப்பு என்னுடையது. படகு தூசியாகக் கூடாது என்று தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூரிலும் கோடகநல்லூரிலும் கொட்டிப்போய், பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபிறகு கேரளாவே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிப்போனது நினைவிருக்கும். அதற்கப்புறம் கேரளாவிலிருந்து மூடி வரும் வண்டி என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவிழ்க்கச் சொன்னார். மலைப்பனியில் கயிறு ஊறி, முடிச்சு இளகவே இல்லை.

அவிழ்த்தால் உள்ளே இரண்டு சாக்கு. சேட்டன் அன்பாகப் போட்டுவிட்டது, நான் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. கொட்டினால் பழைய பிளாஸ்டிக் பாட்டில், உடைந்த தெர்மாகோல், கிழிந்த வலைத்துண்டு.

"இது என்ன?"

"மிதவை சார், வலைக்குக் கட்டுறது."

அவர் நம்பவில்லை. மச்சான் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து, அதன் கழுத்தில் தொங்கிய நைலான் கயிற்றை வலைத்துண்டில் முடிந்து காட்டினார். இன்னும் நாலைந்தைப் போலீஸ்காரரே புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் கயிறு இருந்தது. பில்லையும் சீட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். முக்கால் மணி நேரம் போனது, அதில் பாதி முடிச்சு அவிழ்க்க.

தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டோம். தென்காசி, ராஜபாளையம், திருமங்கலம் என்று ஊர் ஊராகப் படகு திறந்தே வந்தது. கேபின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் வள்ளத்தைச் சிவகிரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டி அனுப்பினார்கள். அதற்கப்புறம் யாருமே நிறுத்தவில்லை.

படகு இப்போது கண்மாயில் கிடக்கிறது. சக்கரத்தை மாட்டி ட்ரெய்லரிலேயே தண்ணீருக்குள் இறக்கினோம், அந்த ஐம்பதடிக்கு நம்பர் பிளேட் யாரும் கேட்கவில்லை.