சிவில் லிபர்டேரியன்: முதல் திருத்தத்தின் வழியே பிடிபட்ட ஒரு சொல்

மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது; இனி நிதானமாக எழுதலாம். அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்துக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவன் என்ற முறையில், முதல் தாளைப் பற்றி மட்டும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பாடத்திட்டத்தையும் வினாத்தாள் அமைப்பையும் விளக்கப் போவதில்லை. சமூக இயக்கங்கள் என்ற தலைப்பின் கீழே சிவில் லிபர்டீஸ் இயக்கம் என்று போகிற போக்கில் வரும் இடத்தைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். அந்த இயக்கத்தவரைக் குறிக்கும் ‘சிவில் லிபர்டேரியன்’ என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், நீதிக் கோட்பாடு, அடிப்படை உரிமைகள், நீதிமன்றம், சாதி ஆகிய நான்கு தலைப்புகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. எனக்கு மதிப்பெண் தந்தது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் பணம் கட்டிப் படித்த பயிற்சி மையத்தின் குறிப்பேட்டில் மனித உரிமை ஆர்வலர், சிவில் உரிமைப் போராளி, சிவில் லிபர்டேரியன் ஆகிய மூன்றையும் சாய்கோடு போட்டு ஒரே வரியில் அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் சிந்தித்திருக்கலாம். ஆனால் பழி முழுவதும் அவர்களுடையது அன்று. பி.யு.சி.எல். (பீப்பிள்ஸ் யூனியன் ஃபார் சிவில் லிபர்டீஸ்) அமைப்பு தமிழில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்றே வழங்குகிறது. ஆங்கிலப் பெயரில் உள்ள ‘லிபர்டீஸ்’ தமிழில் உரிமை ஆகிவிட்டதால், தமிழ் வழியில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

வேறுபாடு இதுதான். பேச்சு, கூட்டம் கூடுதல், தனிவாழ்வு, முறையான விசாரணை ஆகியவற்றில் அரசு கைவைக்கக் கூடாது என்பவர் சிவில் லிபர்டேரியன். நிறம், சாதி, பால் ஆகியவற்றின் பேரால் நடக்கும் பாகுபாட்டை ஒழிக்க அரசு தலையிட்டே ஆகவேண்டும் என்பவர் சிவில் உரிமைப் போராளி. அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் உரிமைக்காக 1909இல் தோன்றிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு இரண்டாம் வகைக்கும், 1920இல் தோன்றிய ஏ.சி.எல்.யு. (அமெரிக்க சிவில் லிபர்டீஸ் யூனியன்) முதல் வகைக்கும் எடுத்துக்காட்டு. இரண்டும் பல வழக்குகளில் ஒரே பக்கம் நின்றவை என்பதால் வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அது தெரியும் இடம் ஸ்கோக்கி. நாஜி இன அழிப்பிலிருந்து தப்பிய யூதர்கள் பலர் வாழ்ந்த இந்த இல்லினாய் மாநிலச் சிற்றூரில் ஊர்வலம் நடத்த, 1977இல் ஒரு நாஜிக் குழு கிளம்பியபோது, அந்தக் குழுவின் பேச்சுரிமைக்காக வழக்காடியது ஏ.சி.எல்.யு. அப்போது அதன் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஆரியே நையர், பெர்லினில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். அமைப்பு நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. தான் வெறுக்கும் கருத்தைச் சொல்பவனுக்கும் அரசின் தடையிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று நிற்பதுதான் இந்தச் சொல்லின் உள்ளடக்கம்.

இந்தியப் பகுதிக்கு நான் கையாண்டது ஒரே உத்தி: 1951ஆம் ஆண்டின் முதல் அரசமைப்புத் திருத்தத்தை மூன்றாகப் பிரித்துப் படித்தேன். அதைத் தூண்டிய வழக்குகளில் இரண்டு சென்னை மாகாணத்திலிருந்து சென்றவை. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு விதித்த தடையை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பகிர்ந்தளித்த வகுப்புவாரி அரசாணை, செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாததானது. திருத்தம் முதலாவதற்கு விடையாக, பேச்சுரிமையின் வரம்புகளைச் சொல்லும் 19(2) பிரிவில் பொது ஒழுங்கு உள்ளிட்ட கட்டுப்பாடுகளைச் சேர்த்தது. இரண்டாவதற்கு விடையாக, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவைத் தந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காக்க 31ஏ, 31பி பிரிவுகளையும் ஒன்பதாம் அட்டவணையையும் கொண்டுவந்தது. சிவில் லிபர்டேரியன் முதல் பகுதியை எதிர்ப்பார். சிவில் உரிமைப் போராளி இரண்டாம் பகுதியை வரவேற்பார். சொத்துரிமையை முதன்மையாகக் கருதும் வெறும் லிபர்டேரியன், அதாவது அமெரிக்கத் தத்துவ அறிஞர் நோசிக்கின் வழிவந்தவர், மூன்றாம் பகுதியைக் கண்டு கொதிப்பார். முதல் பகுதியை எதிர்த்துக்கொண்டே மற்ற இரண்டையும் ஆதரிக்க ஒருவரால் முடியும். இந்தியாவில் இந்த இயக்கத்தினர் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். நீதிக் கோட்பாட்டுத் தலைப்பின் ரால்ஸ், நோசிக் பகுதியில் படித்த லிபர்டேரியனை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் தடுமாறுவது இதை மறப்பதால்தான்.

நம் சட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் சிவில் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததால் ஒருவருக்குச் சேரும் உரிமை எதுவோ அதுவே சிவில் உரிமை என்று அது வரையறுக்கிறது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் அரசு அன்று, ஊரார்.

விடைக்குள் வைக்க நான் எடுத்துச்சென்றவை:

- 1936, இந்திய சிவில் லிபர்டீஸ் யூனியன்: நேருவின் முயற்சி, தாகூர் தலைவர்.
- 1976, ஏ.டி.எம். ஜபல்பூர்: நெருக்கடி நிலையின்போது காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்ற உச்ச நீதிமன்ற வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு. நீதிபதியையும் சிவில் லிபர்டேரியன் என்று சொல்லலாம் என்பதற்கு இது போதும்.
- ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1976இல் தொடங்கிய அமைப்பு. அதிலிருந்து வந்த பி.யு.சி.எல்., பி.யு.டி.ஆர். (மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு).
- பி.யு.சி.எல். தொடுத்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கு, தீர்ப்பு 1996. அதே அமைப்பு 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கு.

கடைசி வரியில் உள்ள இரு வழக்குகளையும் அருகருகே எழுதுங்கள். முதலாவதில் அரசு விலகி நிற்கவேண்டும் என்று கேட்ட அமைப்பு, இரண்டாவதில் அரசு தானியக் கிடங்கைத் திறக்கவேண்டும் என்று கேட்டது. அதனால்தான் இந்தியாவில் இச்சொல் அமெரிக்கப் பொருளில் முழுவதுமாகப் பொருந்துவதில்லை. இந்த இடத்தில் பாலகோபாலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆந்திரச் சிவில் லிபர்டீஸ் குழுவில் நெடுங்காலம் இயங்கிய அவர், அரசு வன்முறையோடு மட்டும் நில்லாமல் ஆயுதக் குழுக்களின் வன்முறையையும் சமூக ஒடுக்குமுறையையும் கேள்விக்குள்ளாக்கவேண்டும் என்ற கருத்து வேறுபாட்டில் வெளியேறி, 1998இல் மனித உரிமை மன்றத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். இருபது மதிப்பெண் விடைக்கு இதைவிடச் செறிவான முடிவுப் பகுதி எனக்குத் தெரியவில்லை. நிறைய எழுத்தாளர்களை மேற்கோள் காட்டி எழுதுவதில் எனக்கு நாட்டமில்லை. அப்படி எழுதி என்னைவிட அதிகம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

தமிழில் எழுதுவோருக்கு நடைமுறையாக ஒன்று. கலைச்சொல்லுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆங்கில வடிவம் தரத் தேர்வாணையம் அனுமதிக்கிறது. அதை மீறிப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறையும். எனவே விடையின் முதல் பத்தியில் ஒரே ஒருமுறை ஆங்கிலச் சொல்லைக் காட்டிவிட்டு, தமிழில் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதையே கடைசி வரி வரை எழுதுங்கள். குடியுரிமை என்ற வடிவத்தை மட்டும் தவிருங்கள். திருத்துபவர் அதைக் குடிமகன் என்ற தகுதியாகப் படித்துவிடுவார்.