நால்வரின் ஐரோப்பியப் பயணம்: கொப்பியில் இதுவரை எழுதியவை

ஹட்டனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கடந்த சில மாதங்களாக எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் என் கணவர், நான், பண்டாரவளையில் வசிக்கும் என் அண்ணன், அண்ணி ஆகிய நால்வரின் பெயர்களும், அவற்றுக்குக் கீழே "2027 ஏப்ரல்" என்ற குறிப்பும் இருக்கின்றன. நானும் என் கணவரும் ஆசிரியர்கள். அண்ணன் தோட்ட அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். அண்ணி வீட்டிலிருந்தே தையல் செய்கிறார். இரண்டு வீடுகளும் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்து, அதைக் கடைசி மாதத்தில் எடுப்பதென்று முடிவு செய்து, அந்தப் பணத்தை நம்பியே இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறோம். எங்களைப் போன்ற வருமானமுள்ள வேறு சிலருக்கும் பயன்படும் என்று நம்பி, கொப்பியில் எழுதியவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் கையில் கிடைத்தது, பயண முகவர் ஒருவர் தந்த பத்து நாள், ஏழு நாடு என்ற திட்டம். அழகான படங்களோடு இருந்த அந்தத் தாளை அண்ணன் மேசையில் விரித்து, ஒவ்வொரு நாளும் பேருந்தில் கழியும் மணித்தியாலங்களைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனார். கூட்டிப் பார்த்தபோது, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலையிலேயே போய்விடும் என்பது தெரிந்தது. "தங்கச்சி, பஸ்ஸுல குந்தியிருக்கத்தான் இவ்வளவு காசா?" என்று அவர் கேட்டார். அன்றிரவே அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, நால்வரும் தனித்தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில், கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் எது என்பதை எழுதினோம். என் கணவர் ரோம் நகரின் பழைய கட்டடங்களை எழுதினார். அண்ணி பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நான் பாரிஸ் என்று எழுதினேன். அண்ணன் எழுதியது எங்களில் எவரும் கேள்விப்பட்டிராத ஒரு பெயர்: புரூசியோ.

புரூசியோ பற்றி அவர் சொன்ன பிறகுதான் எங்கள் பாதை முழுவதும் வடிவம் பெற்றது. இத்தாலியின் வட எல்லையிலுள்ள திரானோ என்ற சிறு நகரிலிருந்து சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸ் வரை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து செல்லும் பெர்னினா ரயில் பாதையில், புரூசியோ என்ற ஊரருகே ரயில் ஒரு கல் பாலத்தின் மேல் முழு வட்டமாகச் சுற்றி, தான் வந்த பாதையின் மேலாகவோ கீழாகவோ கடந்து செல்கிறது. தெமோதரையில் ரயில் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே நம் ரயில் சுற்றி வருவதும் இதே உத்திதான். குறுகிய இடத்தில் உயரத்தைப் பிடிக்க வேறு வழியில்லாதபோது பாதையை வட்டமாக வளைத்துவிடுகிறார்கள். 1908இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கும் ஒன்பது வளைவுகள். நம் எல்ல - தெமோதரைப் பாலத்துக்கும் ஒன்பது வளைவுகள். சிறுவயதில் அப்பாவோடு ஹட்டனிலிருந்து பதுளை ரயிலேறும்போதெல்லாம் சன்னலோரத்தை எனக்கு விட்டுத்தராத அண்ணன், இவ்விரண்டு பாதைகளின் கணக்குகளையும் மனப்பாடமாகச் சொல்கிறார்: நம் மலைநாட்டுப் பாதை 44 அடி ஓடினால் 1 அடி ஏறும், பெர்னினாப் பாதையின் செங்குத்தான இடங்களில் 14 அடிக்கே 1 அடி ஏற்றம், அதுவும் பற்சக்கரத்தின் உதவியில்லாமல். நம் தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி. அங்கே ஒரு மீட்டர் மட்டுமே. நம் பட்டிப்பொல நிலையம் ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உச்சியிலுள்ள ஒஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர். ஏப்ரலிலும் அங்கே பனி கிடக்கும் என்பதால் அண்ணியின் ஆசையும் அதே ரயிலில் நிறைவேறிவிடும்.

செலவைப் பற்றி நாங்கள் கற்ற மிகப் பெரிய பாடமும் இந்த ரயிலில்தான் இருக்கிறது. விளம்பரங்களில் வரும் கண்ணாடிக் கூரை கொண்ட பெர்னினா எக்ஸ்பிரஸில் பயணச்சீட்டுக்கு மேலதிகமாக இருக்கை முன்பதிவுக் கட்டணமும் கட்டாயம் செலுத்த வேண்டும். ஆனால் அதே தண்டவாளத்தில், அதே பாலத்தின் மேல், சாதாரண ரயில்களும் நாள் முழுவதும் ஓடுகின்றன. அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. விரும்பிய நிலையத்தில் இறங்கி, பனியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்தின் விடுதி விலைகளைப் பார்த்தபோது மலைத்துப்போனோம். ஆகவே அந்த நாட்டில் ஓர் இரவு கூடத் தங்காமல், ஒரே பகலில் அதைக் கடந்துவிடுவது என்று தீர்மானித்தோம். இத்தாலியப் பக்கத்திலுள்ள திரானோவில் இரண்டு இரவுகள் தங்கி, காலையில் முதலில் கிடைக்கும் ரயிலைப் பிடித்து, பெர்னினா, அல்புலா பாதைகளின் வழியே கூர் நகருக்கும், அங்கிருந்து சூரிச்சுக்கும் சென்று, சூரிச்சிலிருந்து நான்கு மணித்தியாலம் ஓடும் அதிவேக ரயிலில் இரவு பாரிஸை அடைவதுதான் திட்டம். நீண்ட நாள்தான், ஆயினும் அந்த நாள் முழுவதும் சன்னலுக்கு வெளியே இருப்பதைக் காணத்தான் நாங்கள் போகிறோம். சுவிட்சர்லாந்துக்குள் பெரும்பாலான ரயில்களில் ஏறக்கூடிய சேவர் டே பாஸ் என்ற ஒருநாள் சீட்டு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விற்பனைக்கு வருகிறது; நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், வாங்கிய பிறகு பணம் திரும்பக் கிடைக்காது. அன்றைய சாப்பாட்டை அண்ணி முதல் நாள் இரவே சோற்றுப் பொதியாகக் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

விமானச் சீட்டில் நாங்கள் கண்டுகொண்டது இதுதான். ரோமுக்குப் போய் ரோமிலிருந்தே திரும்புவது என்று தேடினால் விலை குறைவு போலத் தெரியும். ஆனால் பாரிஸிலிருந்து மறுபடி ரோமுக்கு நால்வர் திரும்பி வரும் செலவையும், அதில் கரையும் ஒரு பகலையும் சேர்த்தால் அந்த மிச்சம் இல்லாமற் போகும். கட்டுநாயக்கவிலிருந்து ரோம், பாரிஸிலிருந்து கட்டுநாயக்க என்று, ஒரே சீட்டாக, வளைகுடா நகரம் ஒன்றில் மாறிச் செல்லும்படி வாங்குவதே எங்களுக்குச் சரியாக வந்தது. 2027இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 28ஆம் திகதியே வந்துவிடுவதால், ஏப்ரல் 9ஆம் திகதி நாங்கள் ரோமில் இறங்கும்போது யாத்திரிகர் கூட்டம் குறைந்திருக்கும். பாடசாலை விடுமுறையோடு சில நாள் விடுப்பையும் சேர்த்துக்கொள்வதால், வெளிநாட்டு விடுப்புக்கான அனுமதியை நானும் என் கணவரும் நேரத்தோடே கேட்க வேண்டும்.

விசா விடயத்தில் பலர் குழம்புகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்றுக்கும் போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கணக்கில் ரோமில் ஐந்து இரவு, திரானோவில் இரண்டு, பாரிஸில் நான்கு, ஆகவே இத்தாலி. கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. நால்வருக்கு 360 யூரோவும் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணமும். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் ஆவணங்களில் மிகுந்த கவனம் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும், சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கடவுச்சீட்டு, ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். அண்ணனின் கடவுச்சீட்டு அதற்கு முன்பே காலாவதியாகிவிடும் என்பதை இந்தக் கொப்பியில் எழுதும்போதுதான் கவனித்தோம். இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய தங்குமிடங்களையே விண்ணப்பத்துக்கு முன் பதிவு செய்கிறோம். பணம் திரும்பாத மலிவு ரயில் சீட்டுகளை விசா கையில் வந்த பிறகே வாங்குவோம். சில யூரோக்கள் கூடுதலாகப் போனாலும் இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இரண்டு தம்பதியர் சேர்ந்து போவதால் வரும் உண்மையான இலாபம் தங்குமிடத்தில்தான். இரண்டு விடுதி அறைகளுக்குப் பதிலாக, சமையலறையுள்ள ஒரு சிறு வீட்டை எடுத்தால் இரவு வாடகையும் குறைகிறது, காலை உணவும் இரவு உணவும் வீட்டிலேயே முடிகின்றன. ஆனால் "நால்வர் தங்கலாம்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல வீடுகளில் ஒரே ஒரு படுக்கையறைதான் இருக்கும். மற்ற இருவருக்கும் கூடத்திலுள்ள சோபாவை விரித்துப் படுக்கையாக்கச் சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய இரண்டு அறைகள் வேண்டும் என்பதில் அண்ணி கண்டிப்பாக இருந்தார். அவர் சொன்னது சரி. பதினொரு இரவுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறவர்களுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு மிக அவசியம். துப்புரவுக் கட்டணம் எத்தனை இரவு தங்கினாலும் ஒன்றுதான் என்பதால் ஒரே இடத்தில் அதிக நாள் தங்குவது நல்லது. ரோமில் ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டு அறவிடப்படும் நகர வரியையும் தனியாக ஒதுக்க வேண்டும்.

பணத்தைக் கையாள ஒரு பொதுப் பை. நாள்தோறும் காலையில் இரண்டு தம்பதியரும் சம தொகையை அதில் போட வேண்டும்; உணவும் நகரப் பேருந்தும் அதிலிருந்து. நினைவுப் பொருட்களும் தனி விருப்பங்களும் அவரவர் கையிலிருந்து. பொறுப்பாளர் அண்ணி, ஏனென்றால் தையல் கணக்கில் ஒரு ரூபாயும் பிசகாதவர் அவர். கடன் அட்டை பாவிக்கும்போது இயந்திரம் "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா" என்று கேட்டால் எப்போதும் யூரோவையே தெரிவு செய்ய வேண்டும். ரூபாய் என்று சொன்னால் அந்த இயந்திரக்காரர் வைக்கும் மோசமான மாற்று விகிதமே நம் தலையில் விழும்.

எல்லா இடத்துக்கும் நால்வரும் போக வேண்டியதில்லை என்பதையும் பேசி வைத்திருக்கிறோம். லூவ்ர் அருங்காட்சியகம் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ அறவிடுகிறது. நானும் என் கணவரும் போவோம். அந்த நேரத்தில் அண்ணனும் அண்ணியும் நிரந்தரச் சேகரிப்பை இலவசமாகப் பார்க்கக்கூடிய பெத்தி பலே அருங்காட்சியகத்துக்கும், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் பேராலயத்துக்கும் செல்வார்கள். பேராலயத்திலும் நுழைவுக் கட்டணம் இல்லை. ரோமில் தண்ணீர்ப் போத்தல் வாங்கவே தேவையில்லை. தெருவோரக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. காப்பிக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் அதைவிடக் கூடிய விலை. இத்தாலியின் பிராந்திய ரயில்களுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். பாரிஸில் கார் து நோர் நிலையத்தையடுத்த லா ஷப்பேல் பகுதியில் நம்மவர் கடைகள் வரிசையாக இருப்பதால், இடியப்பமும் சம்பலும் அங்கே எளிதில் கிடைக்கும்.

குளிராடைக்குத் தனிச் செலவு இல்லை. நுவரெலியாக் கடைகளில் வாங்கிய கம்பளிச் சட்டைகள் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. தேயிலை அண்ணன் கொண்டுவருவார். பால்மாவையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே பெட்டியில் வறுத்த கறித்தூளும் பருப்பும் மட்டும்.

ஒரேயொரு விடயம் இன்னும் தீரவில்லை. ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு அன்று, நாங்கள் ரோமிலிருந்து மிலான் வழியாகத் திரானோவுக்குப் போய்ச் சேருகிறோம். வருடப் பிறப்பில் பிள்ளைகள் இருவருமே வீட்டில் இல்லை என்பதில் அம்மாவுக்கு வருத்தம். எந்த ஊரில் இருந்தாலும் அன்று பால் பொங்க வேண்டும் என்று அவர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். பாலை அங்கே வாங்கலாம். ஒரு சுண்டு பச்சரிசி பெட்டியின் அடியில் போகும். இத்தாலியில் அப்போது நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பிந்திய நேரம் என்பதால், இரவு ஏழு மணிக்குப் பொங்கினாலும் இங்கே பத்தரை ஆகிவிடும். அதுவரை விழித்திருந்து தொலைபேசியில் பார்ப்பதாக அம்மா சொல்கிறார். திரானோ வீட்டில் என்ன அடுப்பு, அளவான பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டு வீட்டுக்காரருக்கு நேற்று எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் கொப்பியில் குறித்துவிட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும்.