பவளத்துக்கு வெளிச்சம் கூடினாலும் வம்பு
பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பழைய குழல்விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டிய உற்சாகத்தில் முதல் நாளே வெளிச்சத்தை 80 சதவீதம் வைத்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். நாலாம் நாள் மேல் பாறையில் இருந்த அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் வெளுக்க ஆரம்பித்தது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் உணவு சமைத்து அதற்கும் பங்கு கொடுக்கிறது. வெளிச்சம் திடீரென்று எகிறினால் பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடும், அப்புறம் தெரிவதெல்லாம் திசுவுக்கு அடியில் இருக்கும் வெள்ளை எலும்புக்கூடுதான். சரி என்று 40க்கு இறக்கி, இப்போது வாரத்துக்கு 5 சதவீதம் மட்டும் ஏற்றுகிறேன். நீலம் தூக்கலாக, வெள்ளை கொஞ்சமாக. காளான் பவளங்களைக் கீழே நிழலுக்கு மாற்றியாயிற்று, அவற்றுக்கு 50 முதல் 100 பார் (PAR, பாசி உணவு சமைக்கப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும். 200, 300 என்று கேட்பது அக்ரோபோராதான். நேற்று அதன் அடிப்பக்கம் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது, பாசி திரும்புகிறது போல. விளக்குப் பொத்தான் பக்கம் கை போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.