153 மீன்கள்

அப்பா கணக்கு வாத்தியார். ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வருஷத்தை 19-ஆல் வகுத்து, மீதியை வைத்து, மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமியைப் பிடித்து, அடுத்த ஞாயிறைச் சொல்லிவிடுவார். மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. ஏப்ரல் 25 கடைசியாக வந்தது 1943-ல், இனி 2038-ல்தான். "அதுக்கு நான் இருக்க மாட்டேன், நீ பார்த்துட்டு வந்து சொல்லு" என்பார். எங்கே வந்து சொல்ல என்று கேட்டால் விரலை மேலே காட்டுவார்.

இப்போது அவருக்கு இன்றைக்கு என்ன கிழமை என்பதே நிற்பதில்லை. மறதி நோய். பாளையங்கோட்டையில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஏற்றிவிட்ட மனுஷர், மாத்திரையோடு போகிற என்னைப் பார்த்து, "எந்த வீட்டுப் பிள்ளைம்மா நீங்க?" என்கிறார். அந்த 'நீங்க'தான் தாங்க முடியவில்லை. என்னிடம் அவர் மரியாதையாகப் பேசினதே கிடையாது.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஜெபம் பண்ணிவிட்டு, "பரலோகத்துல எல்லாம் சரியாயிரும்" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், சரி. ஆனால் எழுந்து வரப்போவது எந்த அப்பா? பிரம்போடு வகுப்பில் நின்றவரா, சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டுகிற இவரா? ஆத்துமா மேலே போய்விடும் என்கிற பதில் எனக்குப் போதாது. சாக்பீஸ் தூள் படிந்த அந்த விரல்கள் வேண்டும். அப்படிக் கேட்பது பேராசையும் இல்லை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்றுதானே சொல்கிறோம்?

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான இந்த லெந்து நாட்களில் சுவிசேஷங்களின் கடைசிப் பக்கங்களையே திரும்பத் திரும்ப வாசித்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனாலும் அடையாளம் தெரியாமல் போகிற இடங்கள் அதில் இத்தனை இருப்பது இப்போதுதான் உறைத்தது. மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்து, உடலை எங்கே வைத்தீர் என்று அவரிடமே கேட்கிறாள். எம்மா என்கிற ஊருக்குப் போகிற இரண்டு பேரும் அவரோடு நடந்து, பேசி, பெரிய வேதபாடமே கேட்கிறார்கள். பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்கும் வரை யாரென்று தெரியவில்லை. திபேரியா கடற்கரையில் நிற்பவரைப் படகில் இருந்த சீஷர்களுக்கே தெரியவில்லை. இதற்காக அவர் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. எம்மாவுக்காரர்களைக் கடிந்துகொண்டதுகூட, தீர்க்கதரிசிகள் சொன்னதை நம்பாததற்குத்தான்.

மரியாளை அவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதற்கு முந்தின நிமிஷம் வரை அவளுக்கு அவரைத் தெரியவில்லை. அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு இடத்தைத்தான். அப்பா என் பேரை மறந்துவிட்டார், நாளைக்குத் தன் பேரையும் மறக்கலாம். அதை மறக்காத ஒருவர் கூப்பிடுவார் என்றால், எந்த அப்பா எழுந்து வருவார் என்று நான் கிடந்து உருள வேண்டியதில்லை. அப்புறம், சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்கு இயேசு காட்டின கைகளில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. அதனால் அப்பாவின் இந்த வருஷங்களும் வெறுமனே அழிபட்டுப் போகாது என்று நினைக்கிறேன். போதகர்கள் இதை இன்னும் சரியாகச் சொல்லக்கூடும்.

ஈஸ்டர் அன்று விடியுமுன் நடந்த கல்லறைத் தோட்டத்து ஆராதனைக்கு அப்பாவைக் கூட்டிப் போக முடியவில்லை. திரும்பி வந்து, அவர் இட்லியைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தேன். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிற உயிர்த்தெழுந்தவர். வலையில் 153 பெரிய மீன்கள் என்ற இடம் வந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"ஒண்ணுலருந்து பதினேழு வரைக்கும் கூட்டிப் பாரு."

ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன அதே கணக்கு! விரல் விட்டுக் கூட்ட ஆரம்பித்தேன். பன்னிரண்டு, பதிமூன்றுக்குப் பக்கத்தில் தடுமாறிவிட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"விரலை விட்டு எண்ணிக்கிட்டு இருக்கியே, மக்கு! பதினேழைப் பதினெட்டால பெருக்கிப் பாதியாக்கு."