ஹாப்ஸ்பர்க் வம்சம் சார்ட் பேப்பரில்: கணக்கு இப்போது 0.156

ஸ்பெயினை ஆண்ட கடைசி ஹாப்ஸ்பர்க் அரசர் இரண்டாம் கார்லோஸ் (1661–1700) எவ்வளவு நெருங்கிய உறவில் பிறந்தவர் என்பதைக் கையாலேயே கணக்கிடும் வேலை பாதி தாண்டிவிட்டது. வேலூர் லாங் பஜாரில் வாங்கிய சார்ட் பேப்பர் போதாமல் மேலே இன்னொன்றை ஒட்டியிருக்கிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் நடந்த திருமணத்துக்குச் சிவப்பில் இரட்டைக்கோடு. சிவப்புப் பேனாதான் முதலில் தீரும் போலிருக்கிறது.

நான் தேடும் எண்ணுக்கு உள்ளினச்சேர்க்கைக் கெழு (inbreeding coefficient) என்று பெயர்: ஒரே முன்னோரின் அதே மரபணு, தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு. தந்தையிலிருந்து பொது முன்னோர் வரை ஏறி, மறுபக்கம் தாய் வரை இறங்க வேண்டும். வழியில் எத்தனை பேரோ அத்தனை முறை பாதியைப் பாதியால் பெருக்கி, எல்லா வழிகளையும் கூட்ட வேண்டும். கார்லோஸின் தந்தை நான்காம் பிலிப். தாய் மரியானா, பிலிப்பின் தங்கை மகள். பிலிப், அவர் தந்தை மூன்றாம் பிலிப், தங்கை மரியா அன்னா, மரியானா என்று நான்கு பேர்: 1/16. பிலிப்பின் தாய் மார்கரீத்தா வழியாக இன்னொரு 1/16. ஆக 0.125.

இதைப் பார்த்த பெரியம்மா, தங்கை மகளையா கட்டினான் என்று முகம் சுளித்தார். குடியாத்தம் பக்கம் அவர் காலத்தில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது சாதாரணம். தங்கை மகள் என்றால் தன் மகளுக்குச் சமம். மரபணுவுக்கு அக்கா, தங்கை பேதமில்லை, இரண்டும் 0.125தான் என்றேன். ஒப்பவில்லை. மரியானாவை முதலில் பிலிப்பின் மகனுக்குத்தான் நிச்சயித்திருந்தார்கள்; அத்தை மகள், முறைப்பெண். அவன் 1646இல் இறந்துபோக, 1649இல் தகப்பனே கட்டிக்கொண்டார், பெண்ணுக்கு வயது 14 என்றதும் பெரியம்மா எழுந்தே போய்விட்டார்.

மரியானாவின் தந்தை மூன்றாம் ஃபெர்டினாண்டும் அத்தை மார்கரீத்தாவின் மகளைக் கட்டியவர். அதனால் மார்கரீத்தாவின் பெற்றோர் வழியாக, ஆறு பேர் கொண்ட இரண்டு பாதைகள் கூடுதலாகக் கிடைத்தன, தலா 1/64. கூட்டினால் 0.156. ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட எண் 0.254. அண்ணனும் தங்கையும் கூடிப் பெற்ற பிள்ளைக்கே 0.25தான்! ஒரே ஒரு மாமன் கல்யாணம் இந்த எண்ணைத் தராது. தலைமுறை தலைமுறையாக அதே வீட்டுக்குள் பெண் எடுத்ததன் மொத்தம் இது. கார்லோஸ் பேசவே நான்கு வயதானது, நடக்க எட்டு. இரண்டு மனைவியர் இருந்தும் வாரிசில்லை.

ராஜவம்ச நோய் என்றதும் இங்கிலாந்து ராணி விக்டோரியா குடும்பத்து ஹீமோஃபிலியாவையும் (ரத்தம் எளிதில் உறையாத நோய்) வரையச் சொல்கிறார்கள். அது வேறு கதை. எக்ஸ் குரோமோசோமில் வரும் அந்தக் கோளாறு, தாய்க்கு இருந்தால் முன்பின் அறியாத அந்நியரை மணந்தாலும் மகனுக்கு வரக்கூடும். அரச குடும்பத்துக்கு வந்தது பி வகை; 2024இல் நம் வேலூர் சி.எம்.சி. மரபணு சிகிச்சை அளித்துச் செய்தியில் வந்தது ஏ வகைக்கு.

அடுத்து மூன்றாம் பிலிப்பின் தந்தை இரண்டாம் பிலிப். அவரும் தங்கை மகளைத்தான் மணந்தார். மார்கரீத்தாவின் தந்தையோ அக்கா மகளை. பொது முன்னோர்களே இப்படிச் சொந்தத்தில் பிறந்திருந்தால் அந்தந்தப் பாதையின் மதிப்பை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். அதற்கு இரண்டாம் பிலிப்பின் தந்தை ஐந்தாம் சார்லஸ், அவர் தம்பி முதலாம் ஃபெர்டினாண்ட் வரை ஏறியாக வேண்டும்; மூன்றாவது தாளையும் வாங்கிவிட்டேன்.