சுஷி: மீனை விடுங்கள், சோற்றைப் பாருங்கள்

வினிகர் கலந்த சோற்றோடு மீன் சேரும் ஜப்பானிய உணவான சுஷி, வீட்டில் செய்து சொதப்பினால் மீனைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் குற்றவாளி சோறு.

சுஷியின் வரலாறே சோற்றின் வரலாறுதான். ஜப்பானில் பிவா ஏரிக்கரையிலுள்ள ஷிகாவில் இன்றும் ஃபுனாசுஷி என்ற பழைய வகையைச் செய்கிறார்கள். உப்பிட்ட கெண்டை வகை மீனைச் சோற்றோடு மாறி மாறி அடுக்கி மாதக்கணக்கில் புளிக்க வைப்பது. சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். உண்ணும்போது அந்தச் சோற்றைப் பெரும்பாலும் வழித்து எறிந்துவிடுவார்கள். பிற்காலத்தில் வினிகர் வந்து அந்தக் காத்திருப்பை ஒழித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்று எடோ என்றிருந்த டோக்கியோவில், சோற்றைக் கையில் பிடித்து மேலே மீன் வைத்து உடனே உண்ணும் நிகிரி பரவியது. அக்காலச் சுஷிக்காரர் ஹனாயா யோஹேயின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். சாகே என்னும் அரிசி மது வடித்த சக்கையிலிருந்து எடுத்த சிவப்பு வினிகரை அந்தக் காலத்தில் சோற்றில் கலந்தார்கள். பழைய பாணிக் கடைகளில் சோறு இளம்பழுப்பாக இருப்பது அதனால்தான்.

இனி அடுப்படிக்கு. அரிசி 300 கிராம், அதாவது ஜப்பானிய அளவில் 2 கோ (ஒரு கோ 180 மில்லி). குட்டையான ஜப்பானிய ரகமே வேண்டும். கோஷிஹிகாரி எளிதில் கிடைக்கும். ஒட்டுந்தன்மை சற்றுக் குறைந்த சசநிஷிகியை விரும்பும் சுஷிக்காரர்களும் உண்டு. பொன்னியும் பாஸ்மதியும் வேண்டாம், பிடித்தால் உதிரும்.

முதல் தண்ணீரை ஊற்றிய உடனே கொட்டிவிடுங்கள். காய்ந்த அரிசி தவிட்டு வாடையை இழுத்துக்கொள்ளும். பிறகு மூன்று நான்கு முறை மெதுவாகக் களைந்து, நன்றாக வடியவிட்டு, 360 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அதே தண்ணீரில் வேகவேண்டும். வழக்கமான சோற்றுக்கு வைப்பதைவிட இது குறைவுதான். மீதி ஈரம் வினிகரிலிருந்து வரும். கொம்பு என்னும் கடற்பாசியில் 5 செ.மீ. துண்டு ஒன்றைப் போட்டு, கொதிக்கும் முன் எடுத்துவிடலாம். கொதி வந்ததும் மூடி, சிறுதீயில் 10 முதல் 12 நிமிடம். அணைத்தபின் திறக்காமல் 10 நிமிடம் தம்மில்.

சோற்றில் சேர்க்கும் வினிகர் கலவைக்கு அரிசி வினிகர் 55 மில்லி, சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன். கரையுமளவு சூடு போதும், கொதித்தால் மணம் போய்விடும். ஒசாகா பக்கம் இன்னும் இனிப்பாகப் போடுவார்கள்.

கலக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஆவி பறக்கும் சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி வினிகரை ஊற்ற வேண்டும். தொட்டியை முன்பே நனைத்துத் துடைக்காவிட்டால் வினிகரை மரம் குடித்துவிடும். கரண்டியைச் சாய்த்து வெட்டுவதுபோலக் கிளறுங்கள், பிசைந்தால் களிதான். வினிகர் உள்ளே இறங்கியபின் விசிறுங்கள். முதலிலேயே விசிறினால் ஆறிய சோறு வினிகரை உறிஞ்சாது, அடியில் தேங்கும். விசிறாமலே விட்டால் மேல் ஈரம் போகாமல் நசநசக்கும். உடல்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து இறுகி விறைத்துவிடும்.

நிகிரிக்கு 15 முதல் 20 கிராம் சோறு. வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்து, இறுக்காமல் பிடிக்க வேண்டும்: விரலில் நிற்கவேண்டும், வாயில் உதிரவேண்டும். சொல்ல எளிது! ஜப்பானியர் வீடுகளில் நிகிரி பிடிப்பது குறைவு, அது கடைக்காரரின் வேலை. வீட்டில் ஆளுக்கொரு நோரித் தாளில் (காய்ந்த கடற்பாசித் தாள்) சுருட்டிக்கொள்ளும் தெமாகி, மார்ச் 3 பெண்குழந்தைகள் விழாவான ஹினமட்சுரிக்குச் சோற்றின் மேல் மீனும் காய்கறியும் தூவிய சிராஷி, பொரித்த டோஃபு பையில் அடைத்த இனாரி. கடை நிகிரி மலிவானதில் 1958இல் ஒசாகாவில் ஷிராய்ஷி யோஷியாகி தொடங்கிய, தட்டுகள் பட்டையில் சுற்றிவரும் சுழல்பட்டைக் கடைக்குப் பெரிய பங்குண்டு.

மீன் பற்றி ஒன்று மட்டும். கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் அனிசாகிஸ் புழு இருக்கலாம். வினிகரோ, காரமான பச்சை விழுதான வசாபியோ அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைக்கச் சொல்கிறது ஜப்பானிய விதி, அமெரிக்காவில் 7 நாள். வீட்டு ஃப்ரீசரை நம்பாமல், பச்சையாக உண்ணவென்றே விற்கும் மீனை வாங்குங்கள். இன்று எங்கும் காணும் பச்சை சால்மன்கூட 1980களில் நார்வே முனைந்து விற்ற பிறகு வந்ததுதான். அதற்கு முன் ஜப்பானியர் சால்மனைப் பெரும்பாலும் சமைத்தே உண்டார்கள்.

சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் உப்பையெல்லாம் உறிஞ்சிக் கிண்ணத்திலேயே உதிர்ந்துவிடும்.