மூன்று நட்சத்திர விமர்சனத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வந்த கிறிஸ்தவப் புத்தகம் ஒன்றை வாங்கலாமா, குழுவாகச் சேர்ந்து படிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது சராசரி நட்சத்திரத்தைத்தான். அது கடைசியில் பார்க்க வேண்டியது. பக்திப் புத்தகங்களுக்கு 4.7, 4.8 கிடைப்பது சாதாரணம். ஆசிரியரை ஏற்கெனவே நேசிக்கிறவர்களே முதலில் வாங்குகிறார்கள். பிடிக்காதவர் பாதியில் மூடி வைத்துவிட்டு மௌனமாகிவிடுகிறார். ஆண்டவரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு இரண்டு நட்சத்திரம் போடப் பலருக்கு மனம் வருவதும் இல்லை.

பதிப்பகங்கள் வெளியீட்டுக்கு முன்பே ஒரு குழுவுக்கு இலவசப் பிரதி கொடுத்து, புத்தகம் வரும் வாரத்தில் கருத்து எழுதச் சொல்கின்றன. அப்படி எழுதுகிறவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் சில நாள் அவகாசத்தில், கணினித் திரையில், வேகமாகப் படித்து எழுதியவை அவை. அதனால் விமர்சனங்களைத் தேதி வரிசைப்படுத்தி, வெளியாகி இரண்டு மூன்று மாதம் கழித்து எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். அவற்றிலும் மூன்று நட்சத்திரக்காரர்களிடம் முதலில் போங்கள். பெரும்பாலும் அவர்கள் முழுதும் படித்திருப்பார்கள், நல்லதையும் குறையையும் சேர்த்தே சொல்வார்கள். நடை பிடிக்கவில்லை, ஒரு கட்டுரையில் முடிய வேண்டியதை இழுத்திருக்கிறார் என்ற வகைக் குறைகளைக் குறித்துக்கொண்டு நகரலாம். உபதேசம் பற்றிய குறை என்றால் நின்று சரிபார்க்க வேண்டும். அந்த வாசகர் எந்த அதிகாரத்தைச் சொல்கிறார்? புத்தகம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா?

டேன் ஆர்ட்லண்ட் 2020இல் எழுதிய 'ஜென்டில் அண்ட் லோலி' இதற்கு நல்ல உதாரணம். 'நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்' என்ற மத்தேயு 11:29தான் அதன் அஸ்திவாரம். பியூரிட்டன் போதகர்களின் (பழைய இங்கிலாந்துச் சீர்திருத்தவாதிகளின்) எழுத்தைத் துணைக்கு வைத்து, 23 சிறிய அதிகாரங்களில் கிறிஸ்துவின் இருதயத்தைப் பேசுகிறது. சோர்ந்துபோனவர்களும் குற்றவுணர்வில் தவித்தவர்களும் அதில் ஆறுதல் கண்டதாகத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இரக்கமே தேவனுடைய இயல்பான கிரியை, நியாயத்தீர்ப்பு அவருக்கு அந்நியமான கிரியை என்று ஆசிரியர் பிரித்தால் தேவனுடைய குணங்களில் ஒன்றை மேலாகவும் ஒன்றைக் கீழாகவும் வைத்ததாகாதா என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டு தரப்பும் அதே பக்கங்களைத்தான் பேசுகின்றன. புலம்பல் 3:33ஐத் திறந்து பாருங்கள்: அவர் 'மனப்பூர்வமாய்' மனுபுத்திரரைச் சிறுமையாக்குகிறதில்லை. எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது 'இருதயத்திலிருந்து' என்ற சொல். ஆசிரியரின் வாதம் இந்த வசனத்தில் ஊன்றி நிற்கிறது. குணங்களைத் தரம் பிரிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் நியாயமானதே. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு படிக்கத் தகுந்த புத்தகம் என்பதே என் தீர்ப்பு.

சாரா யங்கின் 'ஜீசஸ் காலிங்' 2004இல் வந்தது. இன்றும் வாசகர்களை இரண்டாகப் பிரிக்கிறது. அங்கே தகராறு குரலைப் பற்றியது. ஒவ்வொரு நாள் தியானத்திலும் இயேசுவே 'நான்' என்று பேசுவதாக எழுதப்பட்டிருக்கிறது. தனிமையில் இருக்கிறவர்களுக்கு அது மிக நெருக்கமாகப் படுகிறது. வேதத்துக்கு வெளியே ஆண்டவரின் வாயில் சொற்களை வைக்கலாமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மூன்று நாள் தியானத்தை எடுத்து, 'நான்' வரும் இடமெல்லாம் 'ஆண்டவர்' என்று மாற்றிப் படியுங்கள். பிறகு அதோடு கொடுத்திருக்கும் வசனங்களைப் பார்த்து, அவற்றிலிருந்து வராத வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். கோடு எத்தனை விழுகிறது என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

எந்தப் புத்தகத்துக்கும் குறைந்தது ஐந்து வசனச் சோதனை தேவை. ஆசிரியர் அதிகம் சாய்ந்திருக்கும் ஐந்து வசனங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள். இந்தச் சோதனையில் அதிகம் தவறாகக் கையாளப்பட்டதாகத் தெரியவருவது எரேமியா 29:11. தனிமனித வெற்றிக்கான வாக்குத்தத்தமாக அதை எழுதுகிறவர்கள், பத்தாம் வசனத்தில் வரும் 70 வருஷத்தைத் தொடுவதில்லை. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். மொழிபெயர்ப்பு நூலில் இன்னொரு சிக்கல் சேரும். ஆங்கிலத் திருப்புதல்கள் சிலவற்றில் இங்கே 'செழிப்பு' என்ற பொருள் வருகிறது. நம் பழைய திருப்புதலில் 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்'. ஆசிரியர் செழிப்பை வைத்து வாதம் கட்டியிருக்க, மொழிபெயர்ப்பாளர் நம் வசனத்தை அப்படியே பொருத்தினால், பத்தி எதைப் பேசுகிறது என்றே விளங்காது. அந்தக் குறையை ஆசிரியர் தலையில் போடும் விமர்சனங்கள் உண்டு.

சாட்சிப் புத்தகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பரலோகம் போய்வந்ததாக ஒரு சிறுவனைப் பற்றி 2010இல் வந்த நூலை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்தச் சிறுவனே 2015இல் எழுதியதும் பதிப்பகம் திரும்பப் பெற்றது. அதுவரை அதைப் பாராட்டியவர்கள் மனதாரத்தான் பாராட்டினார்கள். மனதாரப் பாராட்டியதால் சம்பவம் உண்மையாகிவிடாது.

இதற்கு நேர்மாறான தவறு, ஒரு துண்டை மட்டும் படித்துத் தீர்ப்பிடுவது. பாலுறவைப் பற்றி ஜோஷுவா பட்லர் எழுதிய 'பியூட்டிஃபுல் யூனியன்' 2023இல் கடைக்கு வருமுன்பே, இணையத்தில் வந்த ஒரு பகுதியால் பெரும் எதிர்ப்பு எழுந்தது, அந்தப் பகுதி நீக்கப்பட்டது, பரிந்துரை கொடுத்தவர்களில் சிலர் அதைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று எழுதப்பட்டவற்றில் பல அந்தத் துண்டின் விமர்சனங்கள், புத்தகத்தினுடையவை அல்ல.

குழுவுக்குத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதல் அதிகாரத்தோடு நடுவில் ஓர் அதிகாரத்தையும் படித்துவிடுங்கள். பலவீனமான நூல் மூன்றாம் அதிகாரத்திலிருந்தே சொன்னதைச் சொல்லத் தொடங்கிவிடும், ஆறாம் வாரத்தில் பேச எதுவும் இருக்காது. முடித்தபின் நீங்களும் எழுதுங்கள்: எவ்வளவு படித்தீர்கள், பிரதி இலவசமா, எந்த வசனங்களைச் சரிபார்த்தீர்கள், எந்த அதிகாரத்தில் தயங்கினீர்கள். அடுத்து வாங்க நினைப்பவர் தேடுவது இந்த நான்கு வரிகளைத்தான்.